எழுதி வைத்தவர் இளையபெருமாள்

2023 செப்டம்பரில் வந்த ஒரு செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். ஸ்ரீரங்கம் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் படித்து முடித்த மூன்று இளம்பெண்கள் சான்றிதழ் பெற்றார்கள். எல்லாச் சாதியினரும் படிக்கலாம் என்று தமிழக அரசு 2007-ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளிகளில் ஒன்றுதான் அது. திருச்சியில் வாழும் நாம் காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் போய் வருகிறோம். அந்தப் பள்ளிக்கான வித்து எங்கே விழுந்தது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

வித்து ஓர் அறிக்கையில் இருந்தது. 1969-ல் நடுவண் அரசிடம் கொடுக்கப்பட்ட அந்த அறிக்கையைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் எல். இளையபெருமாள். தென்னாற்காடு மாவட்டத்துக்காரர், காங்கிரஸ்காரர், கத்தோலிக்கர் அல்லர். இந்தப் பக்கத்தில் அவரைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. அந்த அறிக்கை கோயில் கருவறையோடு நிற்கவில்லை. நம் கோவில்களைப் பற்றியும் பேசியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இளையபெருமாள் 1924-ல் காட்டுமன்னார்கோயில் பகுதியில் ஓர் ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்தார். வீராணம் ஏரிக்கரை ஊர் அது. நெல் விளையும் செழிப்பான பூமி. வைணவ மரபில் நாலாயிரத்தைத் தொகுத்தளித்த நாதமுனிகள் பிறந்த ஊரும் அதுவே. அவர் தொகுத்த பாசுரங்கள்தாம் இன்றும் அரங்கன் சந்நிதியில் ஒலிக்கின்றன. அதே மண்ணில் சேரியில் பிறந்த பிள்ளைக்கு வாழ்க்கை வேறு விதமாக இருந்தது. பள்ளி நாட்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. பள்ளியில் குடிதண்ணீருக்கு இரண்டு பானைகள். ஒன்று ஊர்ப் பிள்ளைகளுக்கு, இன்னொன்று சேரிப் பிள்ளைகளுக்கு. சேரிப் பானையைச் சிறுவன் இளையபெருமாள் உடைத்தான். புதுப் பானை வைத்தார்கள்; அதையும் உடைத்தான். கடைசியில் பள்ளி நிர்வாகம் ஒரே பானைக்கு வந்து சேர்ந்ததாம்.

பானையை உடைத்த பையன் பெரியவனானபின் செய்த வேலை வேறு மாதிரியானது. நாடு முழுவதும் எத்தனை இடத்தில் இரண்டு பானை இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை அது. இரண்டாவதுதான் கடினமானது என்று எனக்குத் தோன்றுகிறது. உடைத்த பானைக்குப் பதில் இன்னொன்று வந்துவிடும். ஆனால் ஊர், பேர், இடம், நடந்தது என்ன என்று எழுதி நாடாளுமன்றத்தின் மேசையில் வைத்துவிட்டால் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்வது எளிதல்ல.

சுதந்திரம் வந்த காலத்தில் அவர் இளைஞர். செத்த மாட்டை இழுத்துப் போடுவதும் சாவுக்குப் பறையடிப்பதும் சேரி மக்களின் பிறவிக் கடமை என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்த வேலைகளைச் செய்யமாட்டோம் என்று மக்களைத் திரட்டியவர்களில் அவரும் ஒருவர். 1952-ல் முதல் பொதுத்தேர்தல். அப்போது சில தொகுதிகளிலிருந்து இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஓர் இடம் பொது, ஓர் இடம் தனி. கடலூர் அப்படிப்பட்ட தொகுதி. முப்பது வயது நிறையும் முன்பே அங்கிருந்து இளையபெருமாள் மக்களவைக்குப் போனார். 1957-லும் 1962-லும் மறுபடி வென்றார்.

அவர் மக்களவையில் இருந்தபோதுதான் 1955-ல் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் வந்தது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவு அறிவித்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. கிணறு, கோயில், டீக்கடை, முடிதிருத்தும் கடை, பொதுப்பாதை, இடுகாடு என்று எங்கே தடுத்தாலும் குற்றம் என்றது சட்டம். தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம். இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று இருந்ததே தவிர, இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று இல்லை. சில்லறை அபராதத்தோடு வழக்கை முடிக்கலாம். அதைவிட முக்கியமாக, இரு தரப்பும் ராஜியாகப் போகலாம் என்று சட்டமே அனுமதித்தது. நிலம் வைத்திருப்பவருக்கும் அவர் வயலில் கூலி வேலை செய்பவருக்கும் இடையே ராஜி எப்படி இருக்கும் என்பதைக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சட்டம் வந்து பத்து ஆண்டுகளில் ஒரு விசித்திரமான நிலை. வழக்குகள் குறைவாக இருந்தன. வழக்கு இல்லையென்றால் தீண்டாமையும் இல்லை என்று எடுத்துக்கொள்ள அதிகாரிகளுக்கு வசதியாக இருந்தது. உண்மை நிலை என்ன என்று பார்க்க நடுவண் அரசு 1965-ல் ஒரு குழுவை அமைத்தது. தீண்டாமை, அட்டவணைச் சாதியினரின் பொருளாதார, கல்வி முன்னேற்றம் ஆகியவற்றுக்கான குழு என்பது அதன் நீண்ட பெயர். மக்கள் அதை இளையபெருமாள் குழு என்றே அழைத்தார்கள். அப்போது தலைவருக்கு வயது நாற்பதை ஒட்டி.

குழு மாநிலம் மாநிலமாகச் சுற்றியது. கேள்விப்பட்டியல்களை அனுப்பிப் பதில் கேட்டது, கிராமங்களுக்கும் போனது. எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கிறார்கள், டீக்கடையில் யாருக்கு எந்தக் குவளை, முடிதிருத்துபவர் யாருக்கு வெட்ட மறுக்கிறார், கோயிலில் யார் எதுவரை போகலாம், காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொள்கிறார்களா, நீதிமன்றத்தில் வழக்கு என்ன ஆகிறது: இவைதாம் கேள்விகள். பெரிய தத்துவக் கேள்வி எதுவும் இல்லை. பதில்களைச் சேர்த்துப் பார்த்தபோது, சட்டம் ஒழித்துவிட்டதாகச் சொன்னது கிராமங்களில் உயிரோடுதான் இருந்தது.

அறிக்கை முடியும் தறுவாயில் நம் பக்கத்திலேயே அந்தக் கொடுமை நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவு. நாம் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடிக்கொண்டிருந்த இரவு. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள். தண்டிக்கப்பட்ட நிலச்சுவான்தார்களை 1973-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

1969-ல் அறிக்கை தயார். 1970-ல் நாடாளுமன்றத்தின் முன் வந்தது. பத்திரிகைகளில் அதைப் பற்றிய செய்திகள் வரத்தொடங்கியதும் பல இடங்களில் இளைஞர்கள் கொதித்தார்கள். 1972-ல் மும்பையில் தலித் பேந்தர் இயக்கம் பிறந்ததற்கான காரணங்களைச் சொல்பவர்கள் இந்த அறிக்கையைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. காட்டுமன்னார்கோயில்காரர் ஒருவர் சேகரித்த விவரங்கள் மராட்டிய இளைஞர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன!

டெல்லி அவ்வளவு வேகமாக அசையவில்லை. அறிக்கையின் பரிந்துரைகளை ஒட்டிய திருத்த மசோதா 1972-ல் வந்தது. நிறைவேறியது 1976-ல். 1976 நவம்பர் 19 முதல் பழைய சட்டம் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்ற புதுப் பெயரோடு நடைமுறைக்கு வந்தது. இப்போது குறைந்தபட்சத் தண்டனை உண்டு: ஒரு மாதச் சிறையும் 100 ரூபாய் அபராதமும். ராஜிக்கு இடமில்லை. செத்த விலங்கை அப்புறப்படுத்து, தோலை உரி என்று தீண்டாமையின் பேரில் கட்டாயப்படுத்துவது தனிக் குற்றமாயிற்று. விசாரிக்க வேண்டிய அரசு ஊழியர் வேண்டுமென்றே அலட்சியம் காட்டினால் அவர் குற்றத்துக்கு உடந்தை. ஊரே சேர்ந்து செய்தால் ஊருக்கே கூட்டு அபராதம் விதிக்கலாம். தீண்டாமையைச் சமயத்தின் பேராலோ மரபின் பேராலோ நியாயப்படுத்திப் பேசுவதும் குற்றம்.

இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது 15ஏ என்ற பிரிவு. எந்தெந்தப் பகுதிகளில் மக்கள் தீண்டாமையால் ஒடுக்கப்படுகிறார்கள் என்று மாநில அரசுகள் அடையாளம் காண வேண்டும், சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று அவ்வப்போது ஆய்வு நடத்த வேண்டும், நடுவண் அரசு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும் என்கிறது அது. இளையபெருமாளின் குழு ஒருமுறை செய்த வேலை அரசாங்கத்தின் நிரந்தரக் கடமையாக எழுதப்பட்டது. அந்தக் கடமை எவ்வளவு தூரம் நிறைவேறுகிறது என்பது வேறு கதை. ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் பல மாநிலங்களின் பதிவுகள் மெலிந்தே இருப்பதைப் பார்க்கலாம்.

இனி ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும், தகுந்த கல்வி பெற்றவர்களை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் பயிற்றுவித்துச் சாதி பாராமல் பூசைப் பணிக்கு அமர்த்த வேண்டும் என்பது குழுவின் ஒரு பரிந்துரை. இதைப் படிக்கும்போது நமக்கு உடனே நினைவுக்கு வருவது குருமடம்தான். ஆங்கிலத்தில் அவர்கள் அந்த அமைப்பைக் குறிக்கப் பயன்படுத்திய சொல்லும் திருச்சபை வழக்கிலிருந்து எடுத்ததே. கோயிலுக்கு வெளியே கூலி வாங்குகிறவரைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போயிருக்கலாம். குழு கருவறை வாசல்வரை போனது.

தமிழக அரசு இதைக் கையில் எடுத்தது. 1970 டிசம்பரில் முதல்வர் கருணாநிதியின் ஆட்சியில் சட்டத்திருத்தம் நிறைவேறியது. மசோதாவின் நோக்க விளக்கத்திலேயே இளையபெருமாள் குழுவின் பரிந்துரை குறிப்பிடப்பட்டது. அர்ச்சகர்களும் மடாதிபதிகளும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1972 மார்ச் 14-ல் வந்த சேஷம்மாள் வழக்குத் தீர்ப்பு இரண்டு தரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது. பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும். ஆனால் ஆகமம் சொல்லும் பிரிவினரைத்தான் அர்ச்சகராக்க வேண்டும். ஆகவே வாசல் திறந்தும் திறக்காமலும் நின்றது. 2006-ல் மறுபடியும் அரசாணை, 2007-ல் பயிற்சிப் பள்ளிகள், 2015 டிசம்பரில் மறுபடி உச்ச நீதிமன்றம், 2021 ஆகஸ்டில் பல சாதிகளைச் சேர்ந்த பயிற்சி பெற்றவர்களுக்கு நியமன ஆணைகள். அவற்றில் இரண்டு, திருச்சியை ஒட்டிய குமாரவயலூர் முருகன் கோயிலுக்கு. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவ்விரு நியமனங்களையும் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் ஸ்ரீரங்கத்தில் அந்த மூன்று பெண்களின் பயிற்சி நிறைவு. அரை நூற்றாண்டு தாண்டியும் ஒரு பரிந்துரை நீதிமன்றத்துக்கும் கோயிலுக்கும் நடுவே நடந்துகொண்டேயிருக்கிறது.

இது அடுத்த வீட்டுக் கதை என்று ஓய்ந்துவிட முடியாது. குழு போன இடங்களில் கிறிஸ்தவர்களிடையேயும் சாதி இருப்பதையும், மதம் மாறிய தலித் மக்களைத் தீண்டாமை விடாமல் தொடர்வதையும் அந்த 1969 அறிக்கை பதிவு செய்தது. புதிய செய்தியா என்றால் இல்லை. சைமன் குழு வந்த காலத்திலேயே தென்னிந்தியத் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் தங்கள் நிலையை மனுவாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். கிறிஸ்தவராவதற்கு முன்பு எப்படி இருந்தோமோ அப்படியே இருக்கிறோம் என்பது அதன் சாரம். அம்பேத்கரும் அதைத் தம் எழுத்தில் எடுத்துக்காட்டினார். ஆனால் 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே அட்டவணைச் சாதியினர் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் வெளியே. இளையபெருமாள் குழு அமைக்கப்பட்டது அட்டவணைச் சாதியினருக்காக. ஆகவே நம் நிலையை அது தொட்டுச் சென்றது. தோண்டிப் பார்க்க அதற்கு ஆணை இல்லை.

அதன் விளைவு 1985-ல் தெரிந்தது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்ற கிறிஸ்தவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவரைப் போன்ற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. இந்துவாக இருந்தவர்களுக்குக் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. ஒரே சாலை, ஒரே தொழில், ஒரே சாதி. நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. காரணம் என்ன? மதம் மாறிய பின்னும் கிறிஸ்தவ சமூகத்துக்குள் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்று காட்டும் அதிகாரபூர்வமான, விரிவான ஆய்வு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்றது. சாதி இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சான்று போதாது என்றது.

நினைத்துப் பாருங்கள். எந்தப் பங்கில் எந்தப் பக்கம் யார் உட்கார்ந்தார்கள், சப்பரம் எந்தத் தெருவோடு திரும்பியது, அடக்கம் எங்கே நடந்தது என்பது ஒவ்வொரு பங்குத்தந்தைக்கும் உபதேசியாருக்கும் தெரியும். ஊரறிந்த விஷயம். ஆனால் நீதிமன்றத்தில் வைக்க ஒரு தாள் இல்லை.

அதற்குப் பிறகுதான் வேலை நடந்தது. இயேசு சபைக் குரு அந்தோணிராஜ் தமிழகத்துத் தலித் கிறிஸ்தவர்கள் மீதான பாகுபாட்டை ஆய்வு செய்து 1992-ல் வெளியிட்டார். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அட்டவணைச் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. 2008-ல் சிறுபான்மையினர் ஆணையத்துக்காக ஓர் ஆய்வு. அதே 2008 மார்ச்சில், இளையபெருமாளின் பழைய தென்னாற்காட்டு மண்ணில், எறையூரில் கத்தோலிக்கருக்குள்ளேயே சாதிக் கலவரம் மூண்டது; காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. இந்த ஒப்புதல் தாமதமானதுதான்; என்றாலும் எழுத்தில் வந்தது.

திருச்சிக்காரர்களாகிய நமக்கு மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுப்பப்பட்ட சுவர் தெரியும். இறந்தபின்னும் தலித் கத்தோலிக்கரைத் தனியே வைத்த சுவர் என்று 2010-ல் போராட்டங்கள் நடந்தபோது நாடு முழுவதும் பத்திரிகைகள் எழுதின. சட்டத்தைக் கவனமாகப் படிப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு இடுகாட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வழிபாட்டிடம் பற்றிய 3-ஆவது பிரிவு எந்த மதம் என்று கேட்பதில்லை. ஒரே மதத்தாருக்குள் ஒருவரைத் தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றம் என்கிறது. அட்டவணைச் சாதிப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் தலித் கிறிஸ்தவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். இளையபெருமாளின் அறிக்கை கூர்மைப்படுத்திய சட்டம் அது. நம் பங்குகளில் இதைப் பற்றிப் பேசிக் கேட்டதாக நினைவில்லை.

இளையபெருமாளின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1979-80-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சித் தலைவர். 1980-ல் சென்னை எழும்பூரிலிருந்து சட்டமன்ற உறுப்பினர். பின்னர் காங்கிரஸை விட்டு விலகி இந்திய மனித உரிமைக் கட்சியைத் தொடங்கினார். கட்சிக்குச் சாதியின் பெயர் வைக்காமல் மனித உரிமை என்று வைத்தது அவருடைய போக்கைக் காட்டுகிறது. பெரிய கட்சியாக அது வளரவில்லை. 1998-ல் தமிழக அரசு அவருக்கு அம்பேத்கர் விருது வழங்கியது. 2005-ல் காலமானார். 2025-ல் சிதம்பரத்தில் அவருக்கு நினைவு அரங்கம் திறக்கப்பட்டது. மூன்று முறை மக்களவைக்குப் போனவர் என்பதைவிட, அறிக்கைக்குத் தம் பெயரைக் கொடுத்தவர் என்றே அவரை நாடு நினைவில் வைத்திருக்கிறது.

2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் நடுவண் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. மதம் மாறியவர்களுக்கு அட்டவணைச் சாதித் தகுதி தரலாமா என்று ஆராய்வது அதன் பணி. மதம் மாறிய பிறகு அவர்களுடைய வழக்கங்களிலும் சமூக நிலையிலும் பாகுபாட்டிலும் என்ன மாறியது என்று பார்க்கச் சொன்னார்கள். 1985-ல் சூசையிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி. அதற்கான விடையில் பெரும்பகுதி கல்லறைப் பதிவேடுகளிலும், திருவிழா வரி வசூல் நோட்டுகளிலும், சப்பரம் சுற்றிவரும் தெருக்களின் பட்டியலிலும் இருக்கிறது. அவை இருப்பது நம் பங்கு அலுவலகங்களில்.